ஆம்னி பஸ்ஸில் ஒரு வேற்றுமை உருபு: லத்தீன் தொடர்களைத் தமிழ் வழியாகப் படிக்கும் முறை

கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் தினமும் காதில் விழும் 'ஆம்னி பஸ்' ஒரே ஒரு லத்தீன் சொல். 'ஓம்னிபுஸ்' என்றால் 'எல்லோருக்கும்'. 'ஓம்னி' என்பது 'எல்லா'. 'புஸ்' என்பது நம் 'கு' உருபு, அதாவது நான்காம் வேற்றுமை. 1820களில் பிரான்சில் எல்லோரும் ஏறிப்போகும் வண்டிக்கு வைத்த பெயர் இது. பின்னாளில் ஆங்கிலேயர்கள் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆக, 'பஸ்ஸில் போனேன்' என்று நாம் சொல்லும்போது ஓர் உருபில் ஏறித்தான் போகிறோம்.

லத்தீன் தொடர்களைப் படிக்க இந்த உதாரணமே வழி காட்டும். பலரும் தொடரையும் அதன் ஆங்கிலப் பொருளையும் சேர்த்து நெட்டுரு போடுகிறார்கள். அப்படிப் படித்தால் இரண்டு நஷ்டம். ஒன்று, அடுத்த புதிய தொடர் வரும்போது கை வெறுமையாக இருக்கும். இரண்டு, ஆங்கிலம் செய்த திருத்தங்களும் பிழைகளும் அப்படியே தமிழுக்குள் வந்து சேரும். லத்தீனும் தமிழும் உருபுகளையும் விகுதிகளையும் சொல்லின் வாலில் ஒட்டும் மொழிகள். வினையைப் பெரும்பாலும் கடைசியில் வைக்கும் மொழிகள். பள்ளியில் படித்த வேற்றுமையும் வினைமுற்றும் நினைவிருந்தால் போதும், லத்தீனிலிருந்து நேரே தமிழுக்கு வந்துவிடலாம்.

இங்கே லத்தீன் சொற்களைப் பெரும்பாலும் நம் பக்கத்தில் வழங்கும் உச்சரிப்பிலோ எழுத்துக்கு எழுத்து படித்தோ எழுதியிருக்கிறோம். ரோமானியர் எப்படி ஒலித்தார்கள் என்பது பின்னால் வருகிறது.

முதலில் வினையைத் தேடுங்கள்

சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'ஓ' அல்லது 'இ' என்று முடிந்தால் பெரும்பாலும் நம் 'ஏன்'. 'ஸ்' என்றால் 'ஆய்'. 'ட்' என்றால் 'ஆன், ஆள், அது' மூன்றும். 'முஸ்' என்றால் 'ஓம்'. 'ன்ட்' என்றால் 'ஆர், அன'. இந்த ஐந்தை மனதில் போட்டுக்கொண்டால் புகழ்பெற்ற தொடர்களில் பாதி திறந்துவிடும்.

கி.மு. 47இல் செலா என்ற இடத்தில் பொன்டஸ் அரசனை முறியடித்த சீசர் சொன்னது 'வேனி, விடி, விசி'. ஆங்கிலத்துக்கு இதில் மூன்று முறை 'நான்' தேவைப்படுகிறது. தமிழில் 'வந்தேன், கண்டேன், வென்றேன்' என்றால் முடிந்தது. தோன்றா எழுவாய் இரண்டு மொழிக்கும் பொது. 'வீட்டோ' என்றால் 'தடுக்கிறேன்'. 'மாண்டமஸ்' என்றால் 'ஆணையிடுகிறோம்'. 'அஃபிடவிட்' கூட ஒரு வினைமுற்றுதான்: 'உறுதிமொழி தந்தார்'. நோட்டரி முன் கையெழுத்துப் போடும் தாளுக்கு முழு வாக்கியமே பெயராகிவிட்டது.

சில தொடர்களில் வினையே இருக்காது. அப்போது 'எஸ்ட்' (இருக்கிறது, ஆகும்) தொக்கி நிற்கிறது என்று கொள்ளுங்கள். 'அவர் ஆசிரியர்' என்று நாம் பெயர்ப் பயனிலையோடு நிறுத்திக்கொள்வது போலத்தான் அதுவும்.

ஏவலில் இரு மொழிகளும் இன்னும் நெருங்குகின்றன. தமிழில் வேர்ச்சொல்லே ஏவல்: பறி, கல், பார். லத்தீனிலும் விகுதி கழன்ற மொட்டை வடிவமே ஏவல். கொழும்பு ராயல் கல்லூரியின் குறிக்கோள் 'டிஸ்கே அவுட் டிஸ்கேடே'. இரண்டு ஏவல்கள், நடுவில் 'அல்லது': 'கல், இல்லையேல் கிளம்பு'. முதல் சொல் இரண்டாவதின் தலையிலும் ஒலிப்பதுதான் இதன் குறும்பு. அதைத் தமிழில் கொண்டுவர எங்களுக்கு வழி தெரியவில்லை.

வியங்கோளுக்குத்தான் அதிக கவனம் வேண்டும். யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ் கல்லூரியின் குறிக்கோள் 'லுக்ஸ் இன் டெனப்ரிஸ் லூசெட்'. சென்னை லயோலா கல்லூரியின் குறிக்கோள் 'லூசியாட் லுக்ஸ் வெஸ்ட்ரா'. இரண்டிலும் ஒளி, இரண்டிலும் ஒரே வினை, இரண்டும் விவிலியத்திலிருந்து வந்தவை. ஆனால் 'லூசெட்' என்றால் 'ஒளிர்கிறது'. 'லூசியாட்' என்றால் 'ஒளிர்க'. நடுவே நுழைந்த ஓர் அகரம், நடப்பைச் சொல்லும் வினையை வியங்கோளாக்கிவிடுகிறது. முன்னது 'இருளில் ஒளி ஒளிர்கிறது'. பின்னது 'உங்கள் ஒளி ஒளிர்க'.

'கேவியட்' என்பதும் இதே அச்சுதான்: 'விழிப்போடு இருப்பாராக'. 'கேவியட் எம்ப்டர்' என்றால் 'வாங்குபவர் விழிப்போடு இருப்பாராக'. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவில் தாக்கல் செய்யும் கேவியட் மனுவும் இந்தச் சொல்தான்: 'என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதிருக்க'. அதன் ஆயுள் 90 நாள். அதற்குள் எதிர்த்தரப்பு வழக்குப் போடாவிட்டால் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும்.

பிறகு 'ம்' எங்கே என்று பாருங்கள்

'மானுஸ் மானும் லாவாட்.' வினை கடைசியில்: 'கழுவுகிறது'. 'மானுஸ்' என்பது கை, எழுவாய். 'மானும்' என்பதில் 'ஸ்' போய் 'ம்' வந்திருக்கிறது. அது நம் 'ஐ'. ஆக, 'கை கையைக் கழுவுகிறது.' ஒருமைப் பெயரில் 'ம்' கண்டால் முதலில் இரண்டாம் வேற்றுமையைச் சந்தேகியுங்கள். 'போஸ்ட்' (பின்), 'ஆன்டே' (முன்), 'பெர்' (வழியாக, வீதம்), 'ஆட்' (நோக்கி) ஆகிய முன்னொட்டுகளும் இந்த வேற்றுமையைத்தான் கேட்கும். 'போஸ்ட் மார்ட்டம்' என்றால் 'சாவுக்குப் பின்'. அந்தக் கடைசி 'ம்' அதனால் வந்தது. நாம் அதை 'மரம்' போல நினைத்து 'போஸ்ட்மார்ட்டத்தில்' என்று அத்துச் சாரியை போட்டுப் பேசுகிறோம். உருபின் மேல் சாரியை, அதன் மேல் இன்னோர் உருபு.

இங்கே வழுக்கும் இடம் அஃறிணைப் பெயர்கள். லத்தீனில் அஃறிணைப் பாலுக்கு முதல் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் ஒரே வடிவம். 'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்பதில் 'கார்ப்பஸ்' செயப்படுபொருள், ஆனால் 'ம்' இல்லை. நாமும் 'மரம் வெட்டினான்' என்று அஃறிணையில் 'ஐ' தொகுத்துத்தானே பேசுகிறோம். மறுபக்கம், 'வெர்பும்' (சொல்), 'பெல்லும்' (போர்) போன்ற அஃறிணைச் சொற்கள் எழுவாயாகவும் 'ம்' என்றே முடியும். சந்தேகம் வந்தால் வினையிடம் கேளுங்கள்: யார் செய்தது, எதைச் செய்தது?

அகராதியில் தேடும்போது இன்னொரு சிக்கல் வரும். 'மரம்' என்று தலைச்சொல் இருக்க, வாக்கியத்தில் 'மரத்தை' என்று வருகிறது. 'வீடு' என்பது 'வீட்டை' ஆகிறது. லத்தீனிலும் அப்படியே. 'கார்ப்பஸ்' உருபேற்றால் 'கார்ப்போரே', 'லுக்ஸ்' உருபேற்றால் 'லூசெம்', 'குஸ்டோஸ்' பன்மையில் 'குஸ்டோடேஸ்'. அதனால்தான் லத்தீன் அகராதிகள் ஒவ்வொரு பெயருக்கும் முதல் வேற்றுமையையும் ஆறாம் வேற்றுமையையும் சேர்த்தே தருகின்றன. இரண்டாவது வடிவத்திலிருந்து அடியை எடுங்கள். வினைகள் 'ஏன்' விகுதியோடு தலைச்சொல்லாக இருக்கும்: 'கழுவு' கிடைக்காது, 'கழுவுகிறேன்' (லாவோ) கிடைக்கும். இது தெரியாமல் 'லாவாட்' என்று தேடிவிட்டு 'அகராதியில் இல்லை' என்று கைவிடுபவர்கள் அதிகம்.

தமிழில் எட்டு வேற்றுமை, லத்தீனில் ஆறு. குறைந்த இரண்டு எங்கே போயின என்றால், நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையை லத்தீனில் ஒரே வேற்றுமை சுமக்கிறது. பெரும்பாலும் 'ஓ', 'ஆ', 'ஏ', 'ஊ' என்று உயிரில் முடியும். எந்தத் தமிழ் உருபைப் போடுவது என்பதை முன்னொட்டும் இடமும் சொல்லும்:

'இன் விட்ரோ' என்றால் 'கண்ணாடியில்' (ஏழாவது). 'ஈ புளூரிபுஸ் ஊனும்' என்றால் 'பலவற்றிலிருந்து ஒன்று' (ஐந்தாவது). அமெரிக்க முத்திரையில் 1782 முதல் இருப்பது. பன்மையில் இந்த வேற்றுமைக்கும் நான்காம் வேற்றுமைக்கும் வடிவம் ஒன்றே என்பதால் அதே 'புஸ்' இங்கேயும் வருகிறது. 'போனஃபைடு' என்றால் 'நல்ல நம்பிக்கையோடு' (மூன்றாவது). பள்ளியில் வாங்கும் போனஃபைடு சான்றிதழ் இதுதான். 'வயா' என்றால் 'வழியில்'. பஸ் பலகையில் 'வழி: திண்டிவனம்' என்று எழுதுவது சரியான மொழிபெயர்ப்பு.

எட்டாம் வேற்றுமை மிக எளிது. 'கண்ணன்' என்பது 'கண்ணா' ஆவது போல 'புரூட்டஸ்' என்பது 'புரூட்டே' ஆகும். 'எட் டூ, புரூட்டே' என்ற ஷேக்ஸ்பியர் வரி 'நீயுமா, புரூட்டஸ்' என்று தமிழில் புழங்குகிறது. சீசரின் வாயில் இந்த லத்தீன் வந்ததாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் யாரும் எழுதவில்லை. கிரேக்கத்தில் 'நீயுமா, குழந்தாய்' என்று சொன்னதாகச் சிலர் கூறுவதை சுவட்டோனியஸ் குறித்துவைத்தார், அவ்வளவே.

முழுத் தொடர் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முத்திரையில் உள்ளது: 'டாக்ட்ரினா விம் ப்ரொமோவெட் இன்சிடாம்.'

'ட்' என்று முடியும் சொல் 'ப்ரொமோவெட்': 'முன்னே நகர்த்துகிறது, வளர்க்கிறது'. 'ம்' என்று முடிபவை இரண்டு: 'விம்' (ஆற்றலை), 'இன்சிடாம்'. இரண்டுக்கும் ஒரே வேற்றுமை, ஒரே பால், ஒரே எண். எனவே நடுவில் வினை குறுக்கே நின்றாலும் இரண்டும் ஒரு ஜோடி. லத்தீனில் அடைமொழியும் பெயருக்கேற்ப உருபேற்கும். இது மட்டும் தமிழில் கிடையாது, தனியாகப் பழக வேண்டும். 'இன்சிடுஸ்' என்றால் உள்ளே நடப்பட்டது, இயல்பாக அமைந்தது. மீதமுள்ள 'டாக்ட்ரினா' எழுவாய்: கல்வி. 'உள்ளமைந்த ஆற்றலைக் கல்வி வளர்க்கிறது.' நமக்கு மணற்கேணிக் குறள் நினைவுக்கு வரும்; கருத்தும் ஏறக்குறைய அதுவே. ரோமானியக் கவிஞர் ஹோரஸின் பாட்டில் இந்த வரியில் 'ஆனால்' என்ற பொருள்படும் 'செட்' உண்டு. முத்திரைக்கு எடுத்தவர்கள் அதைக் கழற்றிவிட்டார்கள், இல்லாவிட்டால் பாதியில் தொடங்கும் வாக்கியமாக இருந்திருக்கும்.

ஆங்கிலம் திசை திருப்பும் இடங்கள்

'கார்ப்பே டியெம்' என்பதற்கு 'நாளைக் கைப்பற்று' என்று எழுதுகிறார்கள். 'கைப்பற்று' ஆங்கிலத்தின் வன்முறை. லத்தீன் வினைக்குப் பழத்தையோ பூவையோ கிள்ளிப் பறிப்பது என்றே பொருள். 'நாளைப் பறி' என்பதே நேர்ப்பொருள். ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒற்று மிகுந்து 'நாளைப் பறி' என்றால் 'இந்தத் தினத்தைப் பறி'; ஒற்றை விட்டு 'நாளை பறி' என்றால் 'இன்று வேண்டாம், நாளைக்குப் பறித்துக்கொள்'. ஹோரஸ் அதே வரியில் 'வரும் நாளை எவ்வளவு குறைவாக நம்ப முடியுமோ அவ்வளவு குறைவாக நம்பு' என்றுதான் தொடர்கிறார். ஒரு 'ப்' விட்டுப்போனால் கவிஞர் தலைகீழாகிவிடுவார். 'இன்றைப் பறித்துக்கொள்' என்று எழுதிவிடுவது பத்திரமானது.

'டெம்புஸ் ஃபுகிட்' என்பதற்கு 'காலம் பறக்கிறது' என்பார்கள். அதில் சிறகு கிடையாது. அந்த வினைக்குத் 'தப்பியோடுகிறது' என்று பொருள். வெர்ஜிலின் மூல வரி 'மீட்கமுடியாத காலம் தப்பியோடுகிறது'.

'ஆலியா யாக்டா எஸ்ட்' என்பது கி.மு. 49இல் ரூபிகான் ஆற்றைக் கடக்கும்போது சீசர் சொன்னதாக வருவது. அதன் ஆங்கில வடிவத்தில் உள்ள 'டை' என்ற சொல்லுக்குத் தாயக்கட்டை, சாவு, அச்சு என மூன்று பொருள் உண்டு. அதனால் 'அச்சு வார்க்கப்பட்டது' என்றெல்லாம் தமிழில் படிக்க நேர்கிறது. 'காய் உருட்டியாயிற்று' என்றால் போதும்.

'விதிவிலக்கு விதியை நிரூபிக்கிறது' என்று சொல்லி விதிக்கு ஒத்துவராத எதையும் சிலர் சமாளிப்பார்கள். அதன் மூலம் ஒரு சட்ட வாசகம்: விலக்கு வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தால், விலக்கப்படாத இடங்களில் விதி உண்டு என்று அதுவே காட்டிவிடும். 'ஞாயிறு மட்டும் பார்க்கிங் இலவசம்' என்று பலகை இருந்தால் மற்ற ஆறு நாளும் கட்டணம். அவ்வளவுதான்.

நீதிமன்றத்தில்

அரசமைப்பின் 32ஆம் உறுப்பு உச்ச நீதிமன்றத்துக்கும் 226ஆம் உறுப்பு உயர் நீதிமன்றங்களுக்கும் நீதிப்பேராணை அதிகாரம் தருகின்றன. 32இல் பெயர் சொல்லப்படும் ஐந்தில் நான்கு அப்படியே லத்தீன்.

'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்றால் 'நீ உடலை வைத்திருப்பாயாக'. கைதியிடம் சொல்வதில்லை, அவரைப் பிடித்து வைத்திருப்பவரிடம் சொல்வது: ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்து. 'உடல்' என்றவுடன் பிணம் நினைவுக்கு வரும் ஆபத்து இருக்க, 'ஆட்கொணர்வு' என்று தமிழாக்கியவர் லத்தீனை மிஞ்சிவிட்டார். 'மாண்டமஸ்' (ஆணையிடுகிறோம்) கட்டளையுறுத்தும் பேராணை. 'குவோ வாரண்டோ' என்றால் 'எந்த அதிகாரத்தால்'. பதவியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி, எனவே தகுதி வினவும் பேராணை. 'செர்ஷியோராரி' என்றால் 'உறுதியாகத் தெரிவிக்கப்பட'. கீழமைவின் ஆவணத்தை மேலே வரவழைப்பதால் ஆவணக் கேட்புப் பேராணை.

அன்றாடச் செய்திகளில் தடுக்கி விழும் இடங்கள் வேறு. 'இன் கேமரா விசாரணை' என்றால் ஒளிப்பதிவு செய்து நடத்துவது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நேர் எதிர்: 'கேமரா' என்றால் லத்தீனில் அறை. பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டு மூடிய அறையில் நடத்தும் விசாரணை அது. இருட்டறையில் துளை வழியே பிம்பம் விழுவதை 'இருண்ட அறை' என்ற பொருளில் 'கேமரா அப்ஸ்க்யூரா' என்றார்கள். புகைப்படக் கருவிக்குப் பெயர் அங்கிருந்து போனது. தமிழில் 'மூடிய அறை விசாரணை' என்று எழுதினால் குழப்பமே இல்லை.

'சூ மோட்டோ' என்று நம் ஊரில் பரவலாக எழுதுவது பிழை. சரியான முடிவு 'மோட்டு'. 'மோட்டுஸ்' என்ற சொல் உகர வகையைச் சேர்ந்தது, அதற்கு 'ஓ' உருபு வராது. 'தன் இயக்கத்தால்' என்பது பொருள். 'தாமாக முன்வந்து' என்ற பத்திரிகை வழக்கு அருமையான தமிழ். அதேபோல 'சைனி டை' என்பதற்குத் 'தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு'. 'சினே' என்றால் 'இன்றி', 'டியே' என்றால் 'நாள்'. 'அமிகஸ் க்யூரி' என்றால் 'மன்றத்தின் நண்பர்'. இருவர் இருந்தால் 'அமிகஸ்' என்பது 'அமிசி' ஆகும், 'க்யூரி' மாறாது, ஏனென்றால் மன்றம் ஒன்றுதான். 'பிரைமா ஃபேசி' என்றால் 'முதல் முகத்தில்'. நாம் சொல்லும் 'முகாந்திரம்' என்ற சொல்லிலும் முகம் ஒளிந்திருக்கிறது.

'மாற்ற வேண்டியவை' போன்ற பொருளுக்கு லத்தீனில் 'ண்ட்' என்ற இடைச்சேர்க்கை உண்டு. 'அஜெண்டா' என்றால் செய்ய வேண்டியவை. 'மெமோராண்டம்' நினைவில் கொள்ள வேண்டியது. 'கொரிஜெண்டம்' திருத்த வேண்டியது. ஒப்பந்தங்களில் வரும் 'முடாடிஸ் முடாண்டிஸ்' இதில்தான் அடங்கும்: 'மாற்ற வேண்டியவற்றை மாற்றிக்கொண்டு'. ஆங்கிலத்தில் ஒரு வரி பிடிக்கும் விளக்கம், தமிழ் வினையெச்சத்தில் மூன்று சொல்லில் முடிகிறது.

மருந்துச் சீட்டில்

இங்கே தவறினால் உடம்புக்குக் கேடு, எனவே நிதானமாகப் பாருங்கள். சீட்டின் மேல் மூலையில் ஆர் எழுத்தின் காலை வெட்டி இழுத்த குறி 'ரெசிபே' என்ற ஏவல்: 'எடு'. மருந்தாளருக்கான கட்டளை. சமையல் குறிப்புக்கும் அதே பெயர் வந்தது இப்படித்தான்.

பி.டி. என்பது 'பிஸ் டியே', நாளுக்கு இரு முறை, பி.ஐ.டி. என்றாலும் அதுவே. டி.டி.எஸ். என்பது 'டெர் டியே சுமெண்டும்', நாளுக்கு மூன்று முறை எடுக்க வேண்டியது (மறுபடியும் அந்த 'ண்ட்'). கியூ.ஐ.டி. அல்லது கியூ.டி.எஸ். நான்கு முறை. ஏ.சி. என்பது 'ஆன்டே சிபும்', சாப்பாட்டுக்கு முன், பி.சி. 'போஸ்ட் சிபும்', சாப்பாட்டுக்குப் பின். இரண்டிலும் 'ம்' இருப்பதைக் கவனியுங்கள். எச்.எஸ். 'ஹோரா சொம்னி', படுக்கும் வேளையில். எஸ்.ஓ.எஸ். என்றால் கப்பல் மூழ்கும் அபாய அழைப்பு அல்ல. 'சி ஓபுஸ் சிட்', 'தேவை இருந்தால்'. பி.ஆர்.என். என்பதும் கிட்டத்தட்ட அதே பொருள். ஸ்டாட் என்பது 'ஸ்டாடிம்', உடனே.

கணக்குப் பார்த்துக்கொள்ள ஒரு வழி: டி.டி.எஸ்., 5 நாள் என்றால் 15 மாத்திரை, பி.டி., 7 நாள் என்றால் 14. கடையில் தந்த எண்ணிக்கை பொருந்தாவிட்டால் யாரோ ஒருவர் எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறார். எஸ்.ஓ.எஸ். மருந்துக்கு இந்தக் கணக்கு ஓடாது. அதற்கு 'ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை, எவ்வளவு இடைவெளி' என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

எங்கே பிழை நேர்கிறது? ஓ.டி. என்பது நம் ஊரில் 'நாளுக்கு ஒரு முறை'. கண் மருத்துவத்தில் அதுவே 'ஓகுலுஸ் டெக்ஸ்டெர்', வலது கண். சொட்டு மருந்துச் சீட்டில் ஓ.டி. என்று மட்டும் இருந்தால் எந்தப் பொருள் என்று கேட்காமல் நகராதீர்கள். கியூ.டி. (நாள்தோறும்) கையெழுத்தில் கியூ.ஐ.டி. போலத் தெரிந்தால் ஒரு வேளை மருந்து நான்கு வேளையாகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட 'பயன்படுத்தாதீர்' பட்டியலில் கியூ.டி. இருப்பது இதனால்தான். எச்.எஸ். என்பதைப் 'பாதி வீரியம்' என்று படித்த பிழைகளும் பதிவாகியிருக்கின்றன. நம் மருத்துவர்கள் எழுதும் 1-0-1 முறை லத்தீனைவிடப் பத்திரமானது. இதை லத்தீன் அபிமானிகளாக இருந்துகொண்டே சொல்கிறோம்.

எழுத்து வேலையில்

ஈ.ஜி. என்றால் 'எடுத்துக்காட்டாக', ஐ.ஈ. என்றால் 'அதாவது'. முன்னதுக்குப் பின் வரும் பட்டியல் முழுமையானதல்ல. பின்னதுக்குப் பின் வருவது முழுமையானது. ஒப்பந்தத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டால் பணம் போகும். 'எட் செட்ரா' என்பதில் 'எட்' என்றாலே 'உம்', எனவே அதன் முன் 'மற்றும்' சேர்ப்பது இரட்டிப்பு. 'செட்ரா' அஃறிணைப் பன்மை, ஆட்களுக்கு 'எட் ஆல்'. ஈ.ஜி. என்று தொடங்கிய பட்டியலை 'எட் செட்ரா' என்று முடிப்பதும் வீண்.

'பெர் அன்னம்' என்பதை எழுதும்போது ஆங்கிலத்தில் 'என்' எழுத்து இரண்டு போடுங்கள். இரட்டித்தால் 'ஆண்டு', ஒன்று விடுபட்டால் மலவாய். வட்டி விகிதம் எழுதிய கடன் பத்திரங்களில் இந்தப் பிழை கண்ணில் படும்போது சிரிப்பை அடக்குவது கடினம்.

'நான் அந்தக் கல்லூரி அலும்னி' என்று ஒருவர் சொல்ல முடியாது, 'அலும்னி' பன்மை. ஆண் ஒருவர் 'அலும்னஸ்', பெண் ஒருவர் 'அலும்னா', பெண்கள் பலர் 'அலும்னே'. 'முன்னாள் மாணவர்' என்றால் இந்தத் தொல்லையே இல்லை. ஆர்.ஐ.பி. என்பதும் வியங்கோள் ஒருமை: 'ரெக்வியெஸ்காட் இன் பாசே', 'அமைதியில் இளைப்பாறுவாராக'. பலருக்கு 'ரெக்வியெஸ்கான்ட்'; விகுதியில் 'ன்' நுழைந்ததைப் பாருங்கள்.

பழமொழிக்குப் பழமொழி

பொருள் எழுதுவதோடு நிறுத்தாமல் இணையான தமிழ்ப் பழமொழி இருந்தால் அதைப் போடுங்கள். ஆனால் உள்ளே இருக்கும் இயக்கம் ஒன்றா என்று பார்த்துவிட்டு. ஓவிட் எழுதிய 'குட்டா கவாட் லாபிடெம்' என்றால் 'துளி கல்லைக் குடைகிறது'. 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' இதற்கு அச்சாகப் பொருந்தும். 'எர்ராரே ஹுமானும் எஸ்ட்' (தவறுவது மனித இயல்பு) என்பதற்கு 'யானைக்கும் அடி சறுக்கும்' பாதிதான் பொருந்தும்: லத்தீன் எல்லோரையும் சொல்கிறது, தமிழ் பெரியவர்களையும் விட்டுவைக்காது என்கிறது. ஜுவனல் எழுதிய 'குவிஸ் குஸ்டோடியெட் இப்சோஸ் குஸ்டோடேஸ்' என்றால் 'காவலர்களையே யார் காப்பது'. 'வேலியே பயிரை மேய்ந்தால்' என்று மேடையில் சொல்லலாம். மூலத்தில் அது மனைவியைக் காவல் வைத்துப் பூட்டும் கணவனைப் பற்றிய கிண்டல் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

'வோக்ஸ் பாபுலி வோக்ஸ் டேயி' என்பதற்கு நம் தேர்தல் மேடைகளில் 'மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு' தயாராக இருக்கிறது. இந்தத் தொடர் தென்படும் பழைய இடங்களில் ஒன்று, 798 வாக்கில் அல்குயின் என்ற அறிஞர் மன்னர் சார்லமேனுக்கு எழுதிய கடிதம். அதில் அவர் சொல்வது: இப்படிச் சொல்பவர்களுக்குச் செவி கொடுக்காதீர், கூட்டத்தின் கொந்தளிப்பு எப்போதும் பித்துக்கு அருகில் இருப்பது. மேற்கோள் காட்டுமுன் மேற்கோளின் முன்பாதியையும் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

உச்சரிப்பு

லத்தீனில் ஐந்து குறில், ஐந்து நெடில்: அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ. அவற்றோடு ஐ, ஔ. நம் பன்னிரண்டு உயிரும் அப்படியே. எகர ஒகரக் குறிலை எழுத இந்திக்குத் தனி எழுத்து இல்லை, நமக்கு உண்டு. பழைய ரோமானிய உச்சரிப்பில் சி எழுத்து எங்கும் ககரம், சீசர் 'கைஸர்'. வி எழுத்து ஏறக்குறைய நம் வகரம். இரட்டித்த மெய் இரட்டித்தே ஒலிக்கும், 'அன்னம்' போல. கத்தோலிக்க தேவாலயப் பாடல்களில் எ, இ முன் வரும் சி எழுத்து சகரமாகும். நீதிமன்றத்தில் முழுக்க ஆங்கில உச்சரிப்பு. எது சரி என்று சண்டை வேண்டாம்: வழக்காடு மன்றத்தில் 'ஹேபியஸ்' என்றும், கவிதை படிக்கும்போது 'ஹபெஆஸ்' என்றும் சொல்லுங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பதுதான் காதுக்கு உறுத்தும்.

சொந்தமாகப் போட்டுக்கொள்வதாக இருந்தால்

பச்சை குத்தவோ சங்கத்துக்குக் குறிக்கோள் வைக்கவோ லத்தீன் தேடுபவர்கள், தமிழ் வாக்கியத்தைக் கணினியிடம் கொடுத்து வருவதை அப்படியே எடுக்காதீர்கள். பாலும் எண்ணும் அங்கேதான் கோணும். 'வெல்லப்படாதவர்' என்பது ஆணுக்கு 'இன்விக்டுஸ்', பெண்ணுக்கு 'இன்விக்டா', ஆண்களோ கலப்புக் குழுவோ என்றால் 'இன்விக்டி'. பெண்ணின் கையில் 'இன்விக்டுஸ்' என்று குத்தியிருந்தால் தெரிந்தவர் கண்ணுக்கு அது 'வெல்லப்படாதவன்'. சில அடைமொழிகளில் இந்தத் தொல்லை இல்லை: 'செம்பெர் ஃபிடேலிஸ்' (என்றும் விசுவாசம் உள்ளவர்) ஒருமையில் ஆண் பெண் இருவருக்கும் பொது. சொல்லின் பால் ஆளின் பாலை மிஞ்சும் இடமும் உண்டு. நாட்டைவிட்டு அனுப்பப்படும் தூதர் ஆணாக இருந்தாலும் 'பெர்சோனா நான் கிராட்டா'தான், ஏனென்றால் 'பெர்சோனா' பெண்பால் சொல்.

எனவே பழைய ஆசிரியர் ஒருவர் எழுதிய தொடரையே எடுங்கள். வரி எந்த நூலில், எந்த இடத்தில் வருகிறது என்று தேடி, முன்னும் பின்னும் இரண்டு வரி படியுங்கள். வினை எது, 'ம்' எது, ஜோடி சேரும் அடைமொழி எது என்று மேலே சொன்னபடி குறியுங்கள். பிறகு தாளில் பெரிதாக எழுதி எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, அந்தத் தாளையே குத்துபவரிடம் கொடுங்கள். வாயால் சொன்னால் 'அன்னம்' கதைதான் ஆகும்.